ஈரப்பதம் மிகுந்த இடங்களில் வீட்டு ஏசியில் பூஞ்சை பிடிக்காமல் காப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஏசியைப் போட்ட முதல் சில நிமிடங்களில், நனைந்த துணியைச் சுருட்டி மூடி வைத்தது போன்ற ஒரு புழுங்கிய வாடை வந்து, சற்று நேரத்தில் மறைந்துவிடுகிறது என்றால், கருவிக்குள் பூஞ்சையோ அதனுடன் சேர்ந்து வளரும் பாக்டீரியாவோ குடியேறத் தொடங்கிவிட்டது என்று பெரும்பாலும் கொள்ளலாம். வாடை மறைந்துவிட்டதால் காரணமும் நீங்கிவிட்டது என்று பொருளில்லை. நம் மூக்கு அதற்குப் பழகிவிடுகிறது, அவ்வளவுதான். இந்த நிலையில் பலரும் நறுமணத் தெளிப்பானை வாங்கி ஏசியின் வாயில் அடிக்கிறார்கள், அல்லது ஃபில்டரைக் கழுவிவிட்டு வேலை முடிந்ததாக எண்ணுகிறார்கள். பூஞ்சையை அழுக்குப் பிரச்சினையாகப் பார்ப்பதால் வரும் தவறு இது. உண்மையில் இது நீர்ப் பிரச்சினை.

பூஞ்சை வளர மூன்று பொருத்தங்கள் வேண்டும்: உணவு, மிதமான வெப்பம், ஈரம். தோல் செதில்கள், துணி இழைகள், சமையல் எண்ணெய்ப் புகை ஆகியவை கலந்த வீட்டுத் தூசியே அதற்குப் போதுமான உணவு. அதை முற்றிலும் ஒழிக்க யாராலும் இயலாது. மனிதருக்கு இதமான வெப்பம் பூஞ்சைக்கும் இதமானதே. ஆகவே நம் கைவசம் இருப்பது ஈரம் ஒன்றுதான். நனைந்த பொருளில் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை வளரத் தொடங்கிவிடும் என்பதால், கருவியின் உட்புறம் ஒவ்வொரு நாளும் ஒரு முறையாவது முழுமையாக உலர வேண்டும். கீழே சொல்லப்படும் படிகள் அனைத்தும் இந்த ஒரே நோக்கத்துக்காகவே.

ஏசிக்குள் நீர் எப்படிச் சேர்கிறது

காற்றைக் குளிர்வித்துக்கொண்டே போனால், ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் அதிலுள்ள நீராவி நீராக மாறத் தொடங்கும். அதுவே பனிநிலை. அறைக் காற்றின் பனிநிலையைவிட ஏசியின் கூலிங் காயில் குளிர்ச்சியாக இருப்பதால், காயிலின் தகடுகள்மீது நீர் படிந்து, கீழேயுள்ள தட்டில் வடிந்து, குழாய் வழியாக வெளியேறுகிறது. வில்லிஸ் கேரியர் 1902-இல் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காக வடிவமைத்த அமைப்பின் முதன்மை நோக்கமே காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்துவதுதான். காகிதம் ஈரத்தால் விரிந்து சுருங்கியதால் வண்ணங்கள் ஒன்றன்மீது ஒன்று சரியாகப் பொருந்தவில்லை என்பதே அங்கிருந்த சிக்கல். குளிர்ச்சியை மட்டும் எதிர்பார்த்து ஏசி வாங்கும் நாம் அதன் இந்த மூத்த வேலையை மறந்துவிடுகிறோம்.

நீரின் அளவும் சிறியதன்று. ஒரு டன் ஏசியின் குளிர்விக்கும் திறன் ஏறத்தாழ 3.5 கிலோவாட். ஈரமான சூழலில் அதில் கால் பங்கு நீராவியை நீராக்குவதில் செலவானாலே, முழு வேகத்தில் ஓடும்போது மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் நீர் வடியும். கருவியை நிறுத்தும்போது அந்த நீர் முழுவதும் வெளியேறிவிடுவதில்லை. தகடுகளின் இடுக்குகளிலும் தட்டிலும் ஒரு பகுதி தங்கிவிடுகிறது. மூடிய உறைக்குள் காயில் மெல்லச் சூடேறும்போது அந்த நீர் ஆவியாகி, உள்ளே இருக்கும் காற்றை நிறைத்துவிடுகிறது. வெதுவெதுப்பு, இருட்டு, அசையாத காற்று, நனைந்த தூசி என்று பூஞ்சைக்கு வேண்டிய அனைத்தும் அந்தச் சில மணி நேரங்களில் ஒன்றுகூடுகின்றன.

ஸ்பிளிட் ஏசியில் காயிலைவிட மோசமாகப் பாதிக்கப்படுவது அதற்குப் பின்னால் உருளை வடிவில் சுழன்று காற்றை அறைக்குள் தள்ளும் விசிறியான புளோயர்தான். காயிலைக் கடந்து வரும் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டுக்கும் மேல் இருக்கக்கூடும். அந்தக் காற்று நேராகப் புளோயரின் இதழ்கள்மீது மோதுகிறது. காயிலையாவது வடியும் நீர் ஓரளவு கழுவிவிடுகிறது, புளோயரைக் கழுவ எதுவும் இல்லை. காற்று வெளிவரும் வாயில் கருப்புப் புள்ளிகள் தென்பட்டால், அவற்றின் தாய்வீடு பெரும்பாலும் அந்த உருளையே.

முதல் படி: அளந்து பாருங்கள்

எந்த மாற்றத்தையும் செய்வதற்கு முன் காற்றின் ஈரப்பதத்தைக் காட்டும் ஒரு டிஜிட்டல் ஹைக்ரோமீட்டரை வாங்கி, ஏசிக் காற்று நேராகப் படாத இடத்தில், ஆள் அமரும் உயரத்தில் வையுங்கள். அறையின் ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்குக் கீழே இருப்பது கட்டாயம். 50-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. ஏசி ஓடும்போது ஒரு முறையும், நிறுத்தி ஒரு மணி நேரம் கழித்து ஒரு முறையும், விடியற்காலையில் ஒரு முறையும் என்று ஒரு வாரம் குறித்துவைத்தால், சிக்கல் அறையிலா கருவியிலா என்பது ஓரளவு தெரிந்துவிடும். ஓடும்போதே 65 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கவில்லை என்றால், வெளிக்காற்று எங்கோ நுழைகிறது, அல்லது கருவி நீரை எடுக்கவில்லை.

மலிவான மீட்டர்கள் சில புள்ளிகள் தவறாகக் காட்டுவது இயல்பு. ஒரு பாட்டில் மூடியில் சாதாரண உப்பை எடுத்து, கரைந்துவிடாமல் ஈரக் களிம்பாகும் அளவுக்குச் சில துளி நீர் விட்டு, அதையும் மீட்டரையும் காற்றுப் புகாத ஒரே பையில் இட்டு, பன்னிரண்டு மணி நேரம் வையுங்கள். பைக்குள் ஈரப்பதம் 75 விழுக்காட்டில் நிலைபெறும். மீட்டர் 80 காட்டினால், அது எப்போதும் ஐந்து கூட்டிச் சொல்கிறது என்று கொண்டு கழித்துக்கொள்ளலாம்.

மீட்டரில் தெரியும் எண்ணிலிருந்து பனிநிலையை மனக்கணக்காகவே போடலாம். நூறிலிருந்து ஈரப்பதத்தைக் கழித்து, மிச்சத்தை ஐந்தால் வகுத்து, அதை வெப்பநிலையிலிருந்து கழித்தால் ஏறக்குறையப் பனிநிலை கிடைக்கும். வெளியே 32 டிகிரி, ஈரப்பதம் 80 விழுக்காடு என்றால் பனிநிலை 28 டிகிரி. அப்படியானால் 24 டிகிரிக்குக் குளிர்ந்த அறையின் சுவர், கண்ணாடி, ஏசியின் உறை என எதன்மீது அந்தக் காற்று பட்டாலும் நீர் படியும். ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்கு மேல் உள்ளபோது இந்தக் கணக்கை நம்பலாம்.

இரண்டாம் படி: வெளிக்காற்றின் வழிகளை அடையுங்கள்

ஏசியின் செம்புக் குழாய்கள் சுவரைத் துளைத்து வெளியே போகும் ஓட்டையைச் சுற்றி இருக்கும் இடைவெளியே பல வீடுகளில் கவனிக்கப்படாத முதல் குற்றவாளி. உள்யூனிட்டின் முதுகுக்குப் பின்னால் அது மறைந்திருப்பதால், ஈரக்காற்று நேராகக் குளிர்ந்த பின்தகட்டில் வந்து படுகிறது. சுவர் நனைகிறது, வண்ணப்பூச்சு உரிகிறது, வீட்டார் குழாய் ஒழுகுவதாக எண்ணுகிறார்கள். அந்த இடைவெளியை நுரை அல்லது பற்றுக்களிம்பு கொண்டு உள்ளும் புறமும் அடைக்க வேண்டும். அடுத்து கதவின் அடி இடுக்கு, ஜன்னல் விளிம்புகள், பயன்படாத பழைய ஓட்டைகள் ஆகியவற்றைப் பாருங்கள். அறையை ஒட்டிய குளியலறையில் வெளியேற்றும் விசிறி நெடுநேரம் ஓடினால், அது வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக எல்லா இடுக்குகள் வழியாகவும் ஈரக்காற்று உள்ளே இழுக்கப்படும். குளித்து முடித்து ஈரம் அகன்றதும் நிறுத்திவிடுங்கள்.

ஏசி அறைக்குள் துணி உலர்த்துவதை அடியோடு தவிருங்கள். பிழிந்த ஒரு சுற்றுத் துணியிலும் ஒன்றிரண்டு லிட்டர் நீர் தங்கியிருக்கக்கூடும். அது அத்தனையும் காயில் வழியாகத்தான் வெளியேற வேண்டும்.

காலைக் காற்று குளிர்ச்சியாக இருக்கிறது என்று விடிந்ததும் ஜன்னல்களைத் திறந்துவைக்கும் வழக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். ஈரமான வட்டாரங்களில் காற்றிலுள்ள நீரின் அளவு பகலுக்கும் இரவுக்கும் இடையே பெரிதாக மாறுவதில்லை. விடியற்காலையில் ஈரப்பதம் 95 விழுக்காடாகவும் நண்பகலில் 60 விழுக்காடாகவும் தெரிவதற்கு வெப்பநிலை மாறுவதே பெரும் காரணம்; சூடான காற்றால் கூடுதல் நீராவியைத் தாங்க முடியும் என்பதால் அதே நீர் குறைந்த விழுக்காடாகத் தெரிகிறது. இரவு முழுவதும் குளிர்ந்த சுவர்கள் சூடேறுவதற்கு முன் ஜன்னலைத் திறந்தால் அவற்றின்மீது நீர் படியும். காற்றோட்டம் மனிதருக்குத் தேவையே. ஏசியை நிறுத்தி, சுவர்கள் இயல்பான வெப்பத்துக்கு வந்தபின் திறவுங்கள்.

மூன்றாம் படி: கருவி உண்மையில் நீரை எடுக்கும்படி இயக்குங்கள்

அறைக்குத் தேவையானதைவிடப் பெரிய ஏசி நல்லது என்ற எண்ணம், ஈரமான இடங்களில் பெரும் தீங்கு செய்கிறது. பெரிய கருவி சில நிமிடங்களிலேயே அறையைக் குளிர்வித்துவிட்டு நின்றுவிடும். காயில் நன்கு குளிர்ந்து, தகடுகள் நனைந்து, நீர் சொட்டி, குழாயை அடைவதற்கே பல நிமிடங்கள் ஆகும் என்பதால், அது நீரை வெளியேற்றத் தொடங்கும் முன்பே ஓய்ந்துவிடுகிறது. இதன் விளைவாகக் குளிர்ச்சியும் பிசுபிசுப்பும் சேர்ந்த அறையே கிடைக்கும். இன்வெர்டர் ஏசியில் கம்ப்ரஸர் முற்றிலும் நிற்காமல் வேகம் குறைந்து ஓடுவதால் நிலைமை சற்று மேல்; ஆனாலும் வேகம் மிகக் குறையும்போது காயிலின் குளிர்ச்சியும் தணிந்து நீர் எடுப்பது குறைகிறது. ஆகவே புதிதாக வாங்குவோர் அறையின் பரப்பு, வெயில் படும் சுவர், ஆட்களின் எண்ணிக்கை ஆகியவற்றைக் கணக்கிட்டு, தேவைக்கு ஒட்டிய அளவையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

வெப்பநிலையை 24 முதல் 26 டிகிரிக்குள் வையுங்கள். 18-க்கு இறக்கினால் சுவரின் மறுபக்கமும் கதவின் வெளிப்பக்கமும் பனிநிலைக்குக் கீழே போய் வியர்க்கத் தொடங்கும். அங்கே பூஞ்சை படர்ந்தபின் ஏசியைக் குறை சொல்லிப் பயனில்லை. விசிறி வேகத்தைக் குறைவாக வைத்தால் காற்று காயிலில் கூடுதல் நேரம் தங்குவதால், அதிலிருந்து நீர் கூடுதலாகப் பிரியும். மழை நாள்களில் வெப்பம் குறைந்து ஈரம் மட்டும் மிகுந்திருக்கும்போது ரிமோட்டில் உள்ள டிரை மோட் கைகொடுக்கும்.

இங்கே பரவலாக உள்ள ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்தியாக வேண்டும். டிரை மோட் அறையைத்தான் உலர்த்துகிறது, ஏசியை அன்று. அந்த நேரத்தில் காயில் குளிர்ந்து நனைந்தே இருக்கும். இரவு முழுவதும் டிரை மோடில் ஓட்டிவிட்டு அப்படியே நிறுத்தினால், நனைந்த காயிலைப் பூட்டி வைத்ததற்கு ஒப்பாகும்.

நான்காம் படி: நீர் வெளியேறும் வழியைச் சரிசெய்யுங்கள்

டிரெயின் குழாய்க்கு ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் வீதமாவது சரிவு வேண்டும். நடுவில் எங்கும் அது மேல்நோக்கி வளையக் கூடாது. தொய்ந்த இடத்தில் நீர் தேங்கினால் அங்கே கோழை போன்ற படலம் வளர்ந்து, நாளடைவில் குழாயையே அடைத்துவிடும். குழாயின் வெளிமுனை வாளி நீருக்குள் மூழ்கியிருந்தாலும் வடிதல் தடைபடும். உள்யூனிட் சுவரில் சமமாகவோ, டிரெயின் பக்கம் சற்றே தாழ்ந்தோ இருக்கிறதா என்பதை ரசமட்டம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்; எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தால் தட்டில் எப்போதும் நீர் நிற்கும்.

சோதிப்பது எளிது. மின்சாரத்தைத் துண்டித்து, முன்மூடியைத் திறந்து, மின்பகுதிகளில் படாமல் ஒரு லிட்டர் நீரை மெல்ல மெல்லக் காயிலின்மீது ஊற்றி, அது வெளிமுனையில் தடையின்றி வருகிறதா என்று பாருங்கள். வரத் தயங்கினால், வெளிமுனையில் ஈரத்தையும் இழுக்கும் வேக்குவம் கிளீனரைப் பொருத்தி உறிஞ்சி எடுப்பதே பாதுகாப்பானது. வெளியிலிருந்து அழுத்தமாகக் காற்றடித்தால், அடைப்பு உள்ளே தள்ளப்படலாம்; சுவருக்குள் இருக்கும் இணைப்பு கழன்றும் போகலாம்.

செம்புக் குழாய்களைச் சுற்றியுள்ள நுரை உறையையும் தடவிப் பாருங்கள். அது கிழிந்தோ, இணைப்பில் விலகியோ இருந்தால், குளிர்ந்த குழாய் வியர்த்து, நீர் குழாயோடு ஊர்ந்து சுவருக்குள் இறங்கும்.

ஐந்தாம் படி: நிறுத்துவதற்கு முன் உலர்த்துங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டுமே பின்பற்ற முடியும் என்பவர் இதைப் பின்பற்றட்டும். ஏசியை நிறுத்துவதற்கு முன் ரிமோட்டில் ஃபேன் மோடுக்கு மாற்றி, 20 முதல் 30 நிமிடங்கள் ஓடவிடுங்கள். கம்ப்ரஸர் நின்றுவிட, விசிறி மட்டும் அறைக் காற்றைக் காயில்மீது செலுத்தி அதை உலர்த்தும். இதற்கென்றே ‘ஆட்டோ கிளீன்’ போன்ற பெயர்களில் தானியங்கி வசதி உள்ள கருவிகளில் அதை ஒரு முறை இயக்கிவைத்தால், ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் அதுவே விசிறியைச் சிறிது நேரம் ஓட்டிவிட்டு மூடிக்கொள்ளும். காயிலை உறையவைத்து உருக்கிக் கழுவும் வசதியும் சிலவற்றில் உண்டு. அது காயிலுக்கு நல்லது, புளோயருக்கு எட்டாது.

காயிலில் இருந்த நீர் மறுபடியும் அறைக்குள்தானே வரும் என்று கேட்கலாம். வரும். எனவே இதை அறையைவிட்டு வெளியேறும் நேரத்தில், கதவைத் திறந்துவைத்துச் செய்வது சிறந்தது. அறையில் பரவிய சிறிதளவு ஈரம் கலைந்துவிடும். உறைக்குள் அடைபட்ட ஈரம்தான் கேடு.

ஆனால் குளிர்வித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் இதற்கு நேர்மாறான விதி. கம்ப்ரஸர் இடையிடையே நிற்கும்போதும் விசிறி தொடர்ந்து சுழலும்படி வைத்தால், ஒவ்வொரு இடைவெளியிலும் காயிலின் நீர் மீண்டும் காற்றில் ஏறி, எடுத்த ஈரமே திரும்பத் திரும்ப அறைக்கு வந்துகொண்டிருக்கும். குறிப்பாக, குழாய்த்தடம் கொண்ட மைய ஏசிகளில் விசிறியை ‘ஆன்’ என்று வைக்காமல் ‘ஆட்டோ’ என்றே வைக்க வேண்டும்.

ஆறாம் படி: தூசியைக் குறையுங்கள்

ஃபில்டரை இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை கழுவி, நிழலில் முழுமையாக உலர்ந்த பின்னரே மாட்டுங்கள். ஈரமாக மாட்டுவதைவிட இன்னும் ஒரு வாரம் கழுவாமல் விடுவதே மேல் என்பது என் கருத்து. ஸ்பிளிட் ஏசியின் வலை ஃபில்டர் பெரிய தூசியைத்தான் தடுக்கும். நுண்தூசி காயிலுக்கும் புளோயருக்கும் போய்ச் சேர்ந்தே தீரும். அதைத் தடுக்க எண்ணி அடர்த்தியான துணியை மேலே போர்த்தாதீர்கள். காற்றோட்டம் குறைந்து காயிலில் பனிக்கட்டி கட்டி, பின்னர் அது உருகித் தட்டு நிரம்பி வழியும்.

மாதம் ஒருமுறை ஏசிக்கு வரும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சான எம்சிபியை அணைத்துவிட்டு, காற்று வரும் வாயில் டார்ச் அடித்துப் புளோயர் இதழ்களைப் பாருங்கள். சாம்பல் படலம் என்றால் தூசி. கருப்பு அல்லது பச்சைப் புள்ளிகள் என்றால் பூஞ்சை. ஆண்டு முழுவதும் ஏசி ஓடும் ஈரமான இடங்களில் ஆண்டுக்கு இரண்டு முறை டெக்னீஷியனைக்கொண்டு முழுச் சுத்தம் செய்வது தகும். வருபவர் காயிலில் மட்டும் நீரைப் பீய்ச்சிவிட்டுப் போகாமல், மின்பலகையை மூடி, தட்டையும் புளோயரையும் சேர்த்துக் கழுவுகிறாரா என்று உடனிருந்து பாருங்கள். பூஞ்சை பிடித்த புளோயரை கழற்றியே கழுவ வேண்டும். வேலை முடிந்ததும் ஒரு மணி நேரம் ஃபேன் மோடில் ஓட்டி உலர்த்துங்கள்.

பிளீச்சிங் கரைசலைக் காயிலில் படவிடாதீர்கள். அலுமினியத் தகடுகளை அது அரிக்கும். வினிகரும் வேண்டாம், அதிலுள்ள அசிட்டிக் அமிலத்தின் ஆவி, செம்புக் குழாய்களில் எறும்புப் புற்றுப் போன்ற நுண்ணிய அரிப்புகளை உண்டாக்கக் கூடியது. பிளீச்சையும் வினிகரையும் கலந்தாலோ நச்சு வாயுவான குளோரினே வெளிவரும். காயிலுக்கென்று விற்கப்படும் அமிலமற்ற கரைசல் போதும்.

புறஊதா விளக்கு பொருத்துவது பற்றிச் சிலர் கேட்பதுண்டு. 254 நானோமீட்டர் அலைநீளக் கதிர்கள் படும் பரப்பில் பூஞ்சையை அழிப்பது உண்மை. ஆனால் நிழல் விழும் இடுக்குகளுக்கு அவை எட்டா; பிளாஸ்டிக்கை நாளடைவில் நொறுங்கச் செய்யும்; கண்ணுக்கும் தோலுக்கும் தீங்கு. மைய ஏசியில் முறையாகப் பொருத்தினால் துணைக்கருவியாக உதவலாம்.

ஏற்கெனவே பூஞ்சை பிடித்திருந்தால்

ஏசியை நிறுத்துங்கள், ஓடினால் நுண்விதைகள் அறை முழுவதும் பரவும். ஆஸ்துமா உள்ளவர்கள், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள், குழந்தைகள் ஆகியோரைச் சுத்தம் முடியும்வரை வேறு அறைக்கு மாற்றுங்கள். செத்த பூஞ்சையும் ஒவ்வாமையைத் தூண்டும் என்பதால், மருந்தடித்துக் கொன்றால் மட்டும் போதாது. கழுவி அகற்றியாக வேண்டும். சுவரிலோ உறையிலோ படர்ந்தது ஒரு சதுர மீட்டருக்குள் இருந்தால், என்95 முகக்கவசம், கண்ணாடி, கையுறை அணிந்து, சோப்பு நீரால் நீங்களே துடைத்து உலர்த்தலாம். அதற்கு மேல் இருந்தாலோ, காயிலுக்கும் புளோயருக்கும் உள்ளே பரவியிருந்தாலோ, பயிற்சி பெற்றவரிடம் விடுங்கள். மைய ஏசியின் குழாய்த்தடத்துக்குள் ஒட்டப்பட்டிருக்கும் பஞ்சு போன்ற உள்ளுறையில் பூஞ்சை ஏறிவிட்டால் அதைக் கழுவ முடியாது. வெட்டி எடுத்துப் புதியது போடுவதே வழி.

சுத்தம் செய்த இரண்டு மூன்று வாரங்களில் மறுபடியும் புள்ளிகள் வந்தால், கழுவியவரைக் கடிந்துகொள்வதற்கு முன் ஈரப்பத எண்களையும், டிரெயின் சரிவையும், சுவர் ஓட்டையையும் மீண்டும் பாருங்கள்.

நெடுநாள் வீட்டைப் பூட்டிச் செல்லும்போது

புறப்படும் நாளில் ஃபில்டரைக் கழுவி உலர்த்தி மாட்டி, ஒரு மணி நேரம் ஃபேன் மோடில் ஓட்டிய பின்னரே எம்சிபியை அணையுங்கள். அலமாரிகளைச் சுவரிலிருந்து ஒரு கையளவு விலக்கி, உள்கதவுகளைத் திறந்துவையுங்கள். மைய ஏசி உள்ளவர்கள் ஈரப்பதத்தை அளந்து இயங்கும் கட்டுப்பாட்டுக் கருவியை 60 விழுக்காட்டில் அமைத்துவிட்டுப் போகலாம். மற்றவர்களுக்கு, நீரைத் தானே குழாய் வழி வெளியேற்றும் ஈரம் நீக்கும் கருவி ஒன்று உதவும். திரும்பி வந்ததும் ஏசியை உடனே போடாமல், முதலில் டார்ச்சை எடுத்துக் காற்று வாயையும் புளோயரையும் பார்த்துவிட்டு, டிரெயினில் ஒரு லிட்டர் நீர் ஊற்றிச் சோதித்துவிட்டு, பிறகு சுவிட்சைப் போடுங்கள்.